வேளாண் ஆராய்ச்சியின் பலனை எப்படி அளப்பது? மூன்று வழிகளும் என் தேர்வும்

எஃப்.ஆர். 13ஏ என்று ஒரு நெல் உண்டு. ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டு வாரம் வெள்ளத்தில் முழுக மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். 1970களிலேயே ஆராய்ச்சியாளர்களுக்கு இது தெரியும். ஆனால் அந்தக் குணத்தை நல்ல விளைச்சல் தரும் ரகங்களுக்குள் கொண்டுவர முயன்ற முதல் கலப்புகள் தேறவில்லை. வெள்ளத்தைத் தாங்கின, விளைச்சலும் அரிசியின் தரமும் சரியாக அமையவில்லை. 1996இல் அந்தக் குணத்துக்குக் காரணமான இடம் நெல்லின் மரபுத் தொகுதியில் எங்கே இருக்கிறது என்று குறித்தார்கள். 2006இல் மரபணுவே அடையாளம் காணப்பட்டது. ஸ்வர்ணா என்ற பரவலான ரகத்துக்குள் அந்தக் குணத்தைச் சேர்த்து உருவாக்கிய ஸ்வர்ணா-சப்1 என்ற ரகம் 2009இல் இந்தியாவில் வெளியானது.

இந்தக் கதையின் நடுவில், 1985 வாக்கில், ஒரு மதிப்பீட்டுக் குழு வந்து "இத்தனை ஆண்டுச் செலவில் விவசாயிக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டிருந்தால் நேர்மையான பதில் என்ன? ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான். அந்தப் பதிலைக் கேட்டுத் திட்டத்தை மூடியிருந்தால் பின்னால் வந்த பலன் எதுவும் வந்திருக்காது. அதே சமயம், அதே பதிலைச் சொல்லிக்கொண்டு பணத்தை வாங்கி, கடைசிவரை எதையும் கொடுக்காமலே போன ஆராய்ச்சிகளும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எந்தக் கருவி உதவும் என்பதுதான் என் கேள்வி.

ஒரு ஆராய்ச்சித் திட்டத்தை நடத்துபவருக்கு இன்று மூன்று பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, செலவையும் வரவையும் பணமாக்கி ஈட்டு வீதம், அதாவது போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் திரும்புகிறது என்பதைக் கணக்கிடுவது. இரண்டு, ஊர்களைக் குலுக்கலில் பிரித்து, புதிய தொழில்நுட்பம் போன ஊரையும் போகாத ஊரையும் ஒப்பிடுவது. மூன்று, ஆய்வகத்திலிருந்து வயல்வரை போகும் பாதையை முன்கூட்டியே வரைந்து, ஒவ்வொரு படியிலும் நாம் நினைத்தது நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவது. கட்டுரைகளையும் பயிற்சி முகாம்களையும் எண்ணிக்காட்டுவதை நான்காவது வழி என்று சிலர் சொல்வார்கள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது வேலை நடந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். வயலில் என்ன மாறியது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஈட்டு வீதம்: பெரிய எண்களின் ஈர்ப்பு

இந்த வழியைத் தொடங்கிவைத்தவர் என்று பொருளியலாளர் ட்ஸ்வி கிரிலிக்கஸைச் சொல்லலாம். அமெரிக்காவின் வீரிய ஒட்டு மக்காச்சோள ஆராய்ச்சியைப் பற்றி 1958இல் அவர் வெளியிட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அடிப்படை யோசனை எளிது. புதிய ரகத்தால் ஒரு மூட்டை விளைவிக்க ஆகும் செலவு குறைகிறது. சந்தைக்கு வரத்து கூடுகிறது, விலை இறங்குகிறது. வாங்குபவருக்கு ஒரு லாபம், விளைவிப்பவருக்கு ஒரு லாபம். இரண்டையும் கூட்டுவதைத்தான் உபரிக் கணக்கு என்கிறார்கள். அதை ஆராய்ச்சிச் செலவோடு ஒப்பிட்டால் வீதம் கிடைத்துவிடும்.

கிரிலிக்கஸ் சொன்ன வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 700 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள். ஆனால் அதே செலவையும் அதே வரவையும் வைத்து, உள்ளக ஈட்டு வீதம் (செலவையும் பின்னால் வரும் வரவையும் சமன்செய்யும் ஆண்டு வட்டி வீதம்) என்ற வேறொரு வாய்பாட்டில் போட்டால் 35 முதல் 40 சதவீதம்தான் வருகிறது. மக்காச்சோளமும் மாறவில்லை, விவசாயியும் மாறவில்லை. கணக்கு மட்டும் மாறியது. வென்ற ஒரு ஆராய்ச்சியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் எண் பெரிதாகத்தான் வரும் என்பதும் அவருக்கே தெரிந்திருந்தது.

அதன்பிறகு நூற்றுக்கணக்கான கணக்குகள் வந்தன. 2014இல் ஹர்லி, ராவ், பார்டி ஆகிய மூன்று பொருளியலாளர்களும் இவற்றைத் திரட்டிப் பார்த்தார்கள். வெளியான உள்ளக ஈட்டு வீதங்களின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) ஆண்டுக்கு 39 சதவீதம். இந்த வாய்பாட்டில் ஒரு மறைமுக அனுமானம் உண்டு: கிடைக்கும் பலன் முழுவதும் அதே 39 சதவீதத்தில் மறுபடி மறுபடி முதலீடாகிக்கொண்டே இருக்கும் என்பது. ஒரு முதலீடு 39 சதவீதத்தில் 50 ஆண்டு வளர்ந்தால் ஏறத்தாழ 1.4 கோடி மடங்காகிவிடும். உலகத்தில் எந்த வயலும் அப்படி விளைவதில்லை. அனுமானத்தைத் திருத்திக் கணக்கிட்டபோது இடைநிலை 9.8 சதவீதமாக இறங்கியது. அதே 50 ஆண்டில் அது சுமார் 107 மடங்கு. இது மோசமான எண் அல்ல. ஒரு அரசு மகிழ்ச்சியோடு பணம் போடத்தக்க வீதம்தான். 39ஐச் சொல்லிப் பணம் கேட்டுப் பழகியவர்களுக்கு 9.8 சின்னதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்த வழியில் எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. பலன் யாருடையது? பிரேசிலின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபாவின் பயிர் ரகங்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. மானாவாரி நெல், பீன்ஸ், சோயா ஆகிய மூன்று பயிர்கள். அந்த ரகங்களால் கிடைத்த பலன் முழுவதையும் எம்ப்ராபாவுக்கே கொடுத்துக் கணக்கிட்டால் செலவைப்போல் 78 மடங்கு வரவு. ரகத்தின் பெற்றோர் எங்கிருந்து வந்தார்கள், கலப்பில் யார் யார் பங்கு என்று வம்சாவளி பார்த்துப் பிரித்துக் கொடுத்தால் 16 மடங்கு. இரண்டுமே நல்ல செய்திதான், ஆனால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள். ஒரே ரகத்தின் பலனை மூன்று நிறுவனங்கள் முழுசாகத் தங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்வது சகஜம். மூன்றையும் கூட்டினால் வயலில் விளைந்ததைவிட அதிகம் வரும். ஆகவே யாராவது ஒரு வீதத்தைக் காட்டினால் நான் முதலில் கேட்பது, "இதில் மற்றவர்கள் பங்கைக் கழித்தீர்களா?"

இன்னொன்று, கூட்டுத்தொகை பெரிதாக இருக்கும்போது அதற்குள் தோற்றவர்கள் தெரிய மாட்டார்கள். வரத்து கூடி விலை இறங்கினால், புதிய ரகத்துக்கு மாறாத விவசாயி பழைய விளைச்சலைக் குறைந்த விலைக்கு விற்கிறார். முதலில் மாறியவருக்கு லாபம், பின்னால் வந்தவர் ஓடி ஓடி அதே இடத்தில் நிற்கிறார், வராதவருக்கு நட்டம். பொருளியலாளர் வில்லார்ட் காக்ரேன் 1958லேயே இதை ஓடுபொறியில் ஓடுவதற்கு ஒப்பிட்டார். உபரிக் கணக்கில் இவர்கள் மூவரும் ஒரே வரியில் கூட்டப்படுகிறார்கள். ஏழை விவசாயிக்காக என்று சொல்லித் தொடங்கிய ஆராய்ச்சிக்கு இது போதாது.

அப்படியானால் இந்த வழி வேண்டாமா? வேண்டும். நிதித்துறைக்கு முன்னால் நின்று, சாலைக்கும் பாசனத்துக்கும் போகும் பணத்தோடு ஆராய்ச்சியை ஒப்பிட்டுப் பேச இதைவிட நல்ல மொழி இல்லை. பல திட்டங்களில் எதில் பணம் போடுவது என்று முடிவெடுக்க, முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் உபரிக் கணக்கு நிச்சயம் உதவும். எவ்வளவு பரப்பு, எவ்வளவு காலம், எத்தனை பேர் ஏற்பார்கள் என்று எழுதிக் காட்டவேண்டிய கட்டாயமே பல கனவுகளைத் தரைக்கு இறக்கிவிடும். முடிந்துபோன ஒற்றைத் திட்டத்தைப் பாராட்டத்தான் இதைப் பயன்படுத்தக் கூடாது.

குலுக்கல் சோதனை: சுத்தமான பதில், குறுகிய கேள்வி

சப்1 நெல்லுக்கே திரும்புவோம். ரகம் வெளியான பிறகு ஒடிசாவின் 128 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. குலுக்கலில் தேர்ந்த ஊர்களில் சில விவசாயிகளுக்குச் சிறு பொட்டலமாக விதை கொடுத்தார்கள், மற்ற ஊர்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். பத்து நாள் வெள்ளத்தில் மூழ்கிய வயல்களில் பழைய ஸ்வர்ணாவைவிடச் சுமார் 45 சதவீதம் அதிக விளைச்சல். வெள்ளம் வராத வயலில் எந்த இழப்பும் இல்லை. வெள்ளம் அதிகம் தேங்கும் தாழ்நிலங்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் இருந்ததால், பலனும் அவர்களுக்கே கூடுதலாகப் போகும் என்பதையும் காட்டினார்கள். அடுத்த கட்ட ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. பயிர் போய்விடும் என்ற பயம் குறைந்ததும் விவசாயிகள் உரத்துக்கும் சாகுபடிக்கும் கூடுதலாகச் செலவு செய்யத் துணிந்தார்கள். இது எந்த ஆய்வு நிலையத்து வயலிலும் தெரிந்திருக்காது. இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே குலுக்கல் சோதனையின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இன்னொரு நல்ல உதாரணம், வைட்டமின் ஏ சத்துள்ள ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மொசாம்பிக்கிலும் உகாண்டாவிலும் 2006 முதல் 2009 வரை இதைப் பரப்பியபோது ஊர்க்குழுக்களைக் குலுக்கலில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் ஆண்டுக்கணக்கில் நீண்டன, இன்னொரு பிரிவுக்கு முதல் ஆண்டோடு பெரும்பகுதி நிறுத்தப்பட்டது, மூன்றாவது ஒப்பீட்டுக்கு. கிழங்கைப் பயிரிட்டவர்களும் கூடினார்கள், குழந்தைகளும் தாய்மார்களும் உட்கொண்ட வைட்டமின் ஏயும் கூடியது. முக்கியமான செய்தி, நீண்ட பயிற்சிக்கும் குறுகிய பயிற்சிக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குறைந்த செலவில் அதே பலன். அடுத்த நாட்டுக்கு இதைக் கொண்டுபோகிறவருக்குக் கையில் கொடுத்த பதில் அது. குலுக்கல் சோதனையை "வேலை செய்ததா?" என்று கேட்கமட்டும் பயன்படுத்துவது வீண். "இப்படிச் செய்வதா, அப்படிச் செய்வதா?" என்று கேட்கும்போதுதான் அதன் மதிப்பு முழுசாக வெளிவருகிறது.

ஆனால் இரண்டு சோதனைகளும் நடந்த காலத்தைக் கவனியுங்கள். ரகம் தயாரான பிறகு. ஆராய்ச்சிக்குப் பணம் போடலாமா என்று ஒருவர் தவித்த ஆண்டுகளில் இந்தக் கருவி அவருக்கு எந்த உதவியும் செய்திருக்காது. சோதனைக்கு ஒரு பருவம், இரண்டு பருவம் கிடைக்கும். ஆராய்ச்சியின் பலனோ தலைமுறைக் கணக்கு. அமெரிக்க வேளாண் ஆராய்ச்சியைப் பற்றிய பொருளியலாளர் ஆல்ஸ்டன் குழுவின் கணக்கில், ஓர் ஆண்டுச் செலவின் பலன் 50 ஆண்டுவரை நீள்கிறது, உச்சம் தொடுவது 24ஆம் ஆண்டு வாக்கில்.

அப்புறம், குலுக்க முடியாதவையும் உண்டு. மரவள்ளி மாவுப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மரவள்ளியை அழித்துக்கொண்டிருந்தது. ஹான்ஸ் ஹெரன் தலைமையில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் அதன் இயற்கை எதிரியைத் தேடியது. பராகுவேயில் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கிடைத்தது. 1981இல் நைஜீரியாவில் அதை விட்டார்கள். அங்கிருந்து இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைகொண்டது. 1988இல் வந்த ஒரு கணக்கு செலவைப்போல் 149 மடங்கு பலன் என்று சொன்னது. இதற்கு எப்படி ஒப்பீட்டு ஊர் வைப்பது? குளவி ஊர் எல்லையைப் பார்த்துப் பறப்பதில்லை. விவசாயி எதையும் வாங்கவும் இல்லை, கற்றுக்கொள்ளவும் இல்லை. பலருக்கு அப்படி ஒரு குளவி வந்ததே தெரியாது. பூச்சியியலாளர்கள் சில கிளைகளைக் கூண்டிட்டு மூடிக் குளவி நுழையாமல் வைத்து ஒப்பிட்டார்கள். அந்த வழியில்தான் ஆதாரம் கிடைத்தது. வேளாண் ஆராய்ச்சி கொடுத்த மிகப் பெரிய பரிசுகளில் ஒன்று இந்தக் கருவியின் கண்ணில் படவே படாது என்பதை மறக்கக் கூடாது. கொள்கை ஆராய்ச்சியும் அப்படித்தான். ஒரு நாட்டின் விதைச் சட்டத்தை ஊர் ஊராகக் குலுக்கிக் கொடுக்க முடியாது.

பாதை வரைபடம்: கேள்வியை முன்கூட்டியே எழுதிவைப்பது

மூன்றாவது வழிக்குப் பல பெயர்கள் உண்டு. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் 2001இல் வெளியிட்ட விளைவு வரைபட முறை, ஜான் மேன் முன்வைத்த பங்களிப்புப் பகுப்பாய்வு, தண்ணீருக்கும் உணவுக்குமான சவால் திட்டத்தில் போரு டௌத்வெய்ட்டும் கூட்டாளிகளும் உருவாக்கிய பங்கேற்பு விளைவுப் பாதைப் பகுப்பாய்வு. நுணுக்கங்கள் வேறு, முதுகெலும்பு ஒன்று. யார், எதை, இப்போது செய்வதிலிருந்து மாற்றிச் செய்யவேண்டும்? அவர் மாறுவார் என்று நாம் ஏன் நம்புகிறோம்? இதைத் தொடக்கத்திலேயே எழுதி, விதை உற்பத்தியாளர், விரிவாக்கப் பணியாளர், விவசாயி எல்லாரையும் உட்கார வைத்துச் சரிபார்ப்பது.

இது மென்மையான வேலை, கணக்கு இல்லாத பேச்சு என்று பொருளியலாளர்கள் ஒதுக்குவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்றுப்போன ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலானவை அறிவியலில் தோற்கவில்லை. எழுதிவைக்காத ஓர் அனுமானத்தில் தோற்றன. வரிசை மரச் சாகுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். சூபாபுல் போன்ற மரங்களை வரிசையாக நட்டு, நடுவில் மக்காச்சோளம், கவாத்துச் செய்த தழையே உரம். நைஜீரியாவின் இபாடான் ஆய்வு நிலையத்தில் நன்றாக வேலை செய்தது. 1980களில் ஆப்பிரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. விவசாயிகளில் மிகச் சிலரே ஏற்றார்கள். காரணம் சிக்கலானது அல்ல. கவாத்து வேலை, பயிருக்குக் களை எடுக்கும் அதே நாட்களில் வருகிறது. வீட்டில் இருப்பது அதே இரண்டு மூன்று ஜோடிக் கைகள். நிலம் தன் பெயரில் உறுதியாக இல்லாதவர் மரம் நடுவாரா என்ற கேள்வியும் இருந்தது. "களை எடுக்கும் வாரத்தில் கவாத்துக்கு ஆள் கிடைக்கும்" என்று ஒருவர் வெள்ளைத்தாளில் எழுதியிருந்தால், எதிரில் இருந்த முதல் விவசாயியே தலையை ஆட்டி மறுத்திருப்பார்.

ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் உருவாக்கிய அகலப் பாத்திச் சாகுபடியும் கரிசல் மண்ணுக்கு நல்ல தொழில்நுட்பம்தான். பாத்தி, வடிகால், புதிய கருவி, ரகம், உரம் என்று முழுத் தொகுப்பாகக் கொடுத்தார்கள். விவசாயிகள் தங்களுக்கு உதவும் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள், முழுத் தொகுப்பை எடுத்தவர்கள் குறைவு. தொகுப்பாக எண்ணினால் தோல்வி, துண்டாக எண்ணினால் கணிசமான வெற்றி. எதை எண்ணப் போகிறோம் என்பதைப் பாதை வரைபடம்தான் முன்கூட்டியே சொல்லவைக்கும்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். வரைந்தவர்களே சரிபார்க்கிறார்கள். எல்லா அம்புக்குறியும் வலப்பக்கம் நோக்கியே போகும், எல்லாக் கட்டத்திலும் "முன்னேற்றம்" என்று எழுதிவிடலாம். நான் படித்த திட்ட ஆவணங்களில் பல அழகான வரைபடங்கள் முதல் ஆண்டுக்குப் பிறகு யாராலும் தொடப்படவில்லை. நிதிகொடுப்பவர் கேட்டார், வரைந்து கொடுத்தார்கள். இதைத் தடுக்க நான் பார்த்த ஒரே வழி, ஒவ்வொரு அனுமானத்துக்கும் பக்கத்தில் "எதைப் பார்த்தால் இது பொய் என்று ஒப்புக்கொள்வோம்" என்று ஒரு வரி எழுதி, வெளியாள் ஒருவரை ஆண்டுதோறும் அழைத்துக் கேட்கவைப்பது.

எந்த வழியானாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஓர் ஓட்டை இருக்கிறது: யார் எந்த ரகத்தைப் பயிரிடுகிறார் என்றே சரியாகத் தெரியாமல் இருப்பது. கணக்கெடுப்பில் விவசாயியிடம் கேட்டால் அவர் தனக்குத் தெரிந்த பெயரைச் சொல்வார். விதை கை மாறும்போது பெயரும் மாறும். இலையையோ விதையையோ எடுத்து மரபணுச் சோதனை செய்து பார்த்த நாடுகளில், சொன்ன பெயரும் உண்மையான ரகமும் பல வயல்களில் பொருந்தவில்லை. எத்தியோப்பியா தன் தேசியக் குடும்பக் கணக்கெடுப்பிலேயே மக்காச்சோளம், சோளம், பார்லி ஆகியவற்றின் மரபணுச் சோதனையைச் சேர்த்தது. பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் தாக்க மதிப்பீட்டுக் குழு இதற்குத் துணைநின்றது. தனித்தனித் திட்டங்கள் ஆளுக்கொரு கணக்கெடுப்பு நடத்துவதைவிட, ஏற்கெனவே நடக்கும் தேசியக் கணக்கெடுப்பில் நான்கு கேள்வியைச் சேர்ப்பது செலவு குறைந்தது, நம்பகமானதும்கூட.

என் தேர்வு

நடுத்தர அளவில், ஐந்து முதல் பத்து ஆண்டு ஓடக்கூடிய ஒரு ஆராய்ச்சித் திட்டம் என் பொறுப்பில் இருந்தால் பாதை வரைபடத்தையே முதுகெலும்பாக வைப்பேன். காரணம், மூன்றில் இது ஒன்றுதான் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, பலன் வருவதற்கு முன்பே, படிப்படியாகப் பேசுகிறது. 1985இல் சப்1 ஆராய்ச்சியை "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று மூடாமல் இருக்கவும், எதையும் கொடுக்காத ஆராய்ச்சியை நேரத்தில் நிறுத்தவும் உதவக்கூடியது இது மட்டுமே. வெள்ளம் தாங்கும் குணம் உண்மையா? ஆம். அதை நல்ல ரகத்துக்குள் கொண்டுபோக முடிந்ததா? இன்னும் இல்லை. எது தடுக்கிறது? எந்த மரபணு என்று தெரியாதது. சரி, அடுத்த பணம் அங்கே போகட்டும். இப்படிப் படிப்படியாகக் கேட்டால் பதில் சொல்ல முடிகிறது.

அதன்மேல், மதிப்பீட்டுக்கான பணத்தில் கணிசமான பங்கை யார் எதைப் பயிரிடுகிறார் என்று சரியாக அறிவதற்குக் கொடுப்பேன். தொடக்கநிலைக் கணக்கெடுப்பைத் தள்ளிப்போடவே மாட்டேன். மூன்றாம் ஆண்டில் போய் முதலாம் ஆண்டின் நிலவரத்தைக் கேட்டால் விவசாயி நினைவிலிருந்து சொல்வார், நினைவு நடந்ததோடு எப்போதும் ஒத்துப்போகாது. குலுக்கல் சோதனையை ஒரே ஒரு இடத்தில் வைப்பேன்: வரைபடத்தில் எந்த அம்புக்குறியைப் பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை அதிகமோ, பதில் எந்தப் பக்கம் வந்தாலும் வேலையை மாற்றத் தயாராக இருக்கிறோமோ, அங்கே. பதில் வந்தபிறகும் முன்பு போலவே செய்வோம் என்றால் அந்தப் பணத்தை விதைக்குக் கொடுக்கலாம். ஈட்டு வீதத்தைத் திட்டத்துக்குள் கணக்கிட மாட்டேன். செலவையும் பரப்பையும் ஒழுங்காகப் பதிவுசெய்து வைத்துவிட்டு, பத்து பதினைந்து ஆண்டு கழித்து வேறொருவர், வென்றதையும் தோற்றதையும் சேர்த்துக் கணக்கிடட்டும்.

இந்தத் தேர்வு எல்லாருக்கும் பொருந்தாது. ஒரு நாட்டின் முழு ஆராய்ச்சி ஒதுக்கீட்டைத் தீர்மானிப்பவராக இருந்தால் வரிசை தலைகீழாகும். உபரிக் கணக்கு முதலில், வம்சாவளிப் பங்கீட்டோடு. ரகமோ விதைப் பையோ கையில் தயாராக இருந்து, எப்படிப் பரப்புவது என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால் குலுக்கல் சோதனையே முதலில். பூச்சிக்கு எதிரிப் பூச்சியை விடுகிற ஆராய்ச்சியாக இருந்தால் பொருளியலாளரைத் தேடுவதற்கு முன் ஒரு நல்ல பூச்சியியலாளரைப் பிடித்து, கூண்டுகளை எந்தெந்த வயலில் கட்டப் போகிறீர்கள் என்று கேட்பேன். அதைக் குளவியைத் திறந்துவிடும் நாளுக்கு முன்பே கேட்டாக வேண்டும், ஏனென்றால் பறந்துபோனபின் குளவி இல்லாத வயல் எங்கும் மிச்சமிருக்காது.